ஒரு மணி நேரத்துக்கு ஏன் 60 நிமிடம்? களிமண்ணில் கணக்கு எழுதிய சுமேரியர்கள் யார்? அவர்களுக்கு என்ன ஆனது? - முழு விவரம்

நூறு பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆயிரம் கிராம் சேர்ந்தால் ஒரு கிலோ. எல்லாமே பத்து, நூறு, ஆயிரம் என்று போகும்போது, கடிகாரம் மட்டும் ஏன் 60-ல் நிற்கிறது? ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி, ஒரு வட்டத்துக்கு 360 டிகிரி.. இதை யார் முடிவு பண்ணாங்க?

இந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால் இன்றைய தெற்கு இராக்கில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள்தான் சுமேரியர்கள். உலகின் முதல் பெருநகரம், முதல் எழுத்து முறை, நமக்குக் கிடைத்திருப்பதிலேயே மிகப் பழைய சட்டத் தொகுப்பு எனப் பல 'முதல்'களுக்குச் சொந்தக்காரர்கள். ஆனால், சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்புவரை இப்படி ஒரு மக்கள் இருந்தார்கள் என்பதே உலகத்துக்குத் தெரியாது. யார் இவர்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? எப்படி மறைந்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சுமேர் எங்கே இருந்தது?

துருக்கி மலைகளில் பிறக்கும் யூப்ரடீஸ், டைக்ரிஸ் என்ற இரண்டு ஆறுகள் தெற்கு நோக்கி ஓடி பாரசீக வளைகுடாவில் கலக்கின்றன. இந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தைத்தான் கிரேக்கர்கள் 'மெசபடோமியா' என்றார்கள். ஆறுகளுக்கு நடுவே உள்ள நாடு என்று பொருள். அதன் தென்கோடிப் பகுதிதான் சுமேர்.

இதில் ஒரு சுவாரஸ்யம். 'சுமேர்' என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை. பக்கத்தில் வாழ்ந்த அக்காடிய மொழிக்காரர்கள் வைத்த பெயர். சுமேரியர்கள் தங்கள் நாட்டை 'கி-என்-கி' என்றும், தங்களைக் 'கருந்தலை மக்கள்' என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பகுதியில் மழை மிகக் குறைவு. விவசாயம் செய்ய வேண்டுமென்றால் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் ஆக வேண்டும். வீடு கட்டக் கல் இல்லை. நல்ல மரம் இல்லை. செம்பு, வெள்ளி போன்ற உலோகம் எதுவும் மண்ணில் இல்லை. இருந்தது மூன்றே மூன்றுதான்.. வண்டல் மண், தண்ணீர், நாணல். இதை வைத்துத்தான் கோட்டையும் கோயிலும் கட்டினார்கள். எழுதியதும் இதை வைத்துத்தான்.

உலகின் முதல் பெருநகரம் உருக்

கி.மு. 3200 வாக்கில் இங்கே இருந்த 'உருக்' நகரத்தில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்ந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் உலகில் வேறு எங்கும் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் வாழ்ந்ததற்குத் தெளிவான சான்று இல்லை. நகரத்தின் நடுவே இனானா என்ற பெண் தெய்வத்தின் கோயில். அந்தக் கோயிலுக்கு நிலம் இருந்தது, ஆட்டு மந்தை இருந்தது, நெசவுக்கூடம் இருந்தது, பீர் காய்ச்சும் கூடமும் இருந்தது.

உருக்கைத் தோண்டியபோது ஒரே அளவிலான, கரடுமுரடான மண் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அழகு பார்த்துச் செய்தவை அல்ல, அவசரத்துக்கு அச்சில் அழுத்திச் செய்தவை. வேலை செய்தவர்களுக்குப் பார்லி தானியத்தைக் கூலியாக அளந்து கொடுக்கத்தான் இவை பயன்பட்டன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பின்னர் எழுத்து வந்தபோது 'உணவு', 'ரேஷன்' என்பதைக் குறிக்க வரைந்த குறியும் ஏறக்குறைய இதே கிண்ணத்தின் வடிவம்தான்.

எழுத்து எப்படிப் பிறந்தது?

உலகின் முதல் எழுத்து என்றதும் கவிதையோ, கடவுள் துதியோ, அரசனின் பெருமையோ என்றுதான் தோன்றும். ஆனால், உண்மை அதுவல்ல. முதலில் எழுதப்பட்டது வரவு செலவுக் கணக்கு!

உருக்கில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகள் சுமார் 5,000. அவற்றில் பெரும்பாலானவை எத்தனை ஆடு வந்தது, எவ்வளவு பார்லி போனது, யாருக்கு எவ்வளவு பீர் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல்கள். மீதமுள்ளவை எழுத்துப் பயிற்சிக்கான சொற்பட்டியல்கள். கதையோ பாட்டோ எழுதப்படுவதற்கு இன்னும் பல நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு பலகையில் இருப்பது இதுதான்: 37 மாதங்களில் 29,086 அளவு பார்லி, 'குஷிம்'. குஷிம் என்பது ஒரு ஆளின் பெயரா, அல்லது ஒரு பதவியின் பெயரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆள் பெயர்தான் என்றால், வரலாற்றில் எழுத்தில் பதிவான மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு மன்னனுடையது அல்ல.. கிடங்குக் கணக்குப்பிள்ளையுடையது!

ஆரம்பத்தில் ஆடு என்றால் ஒரு குறி, பார்லி என்றால் ஒரு கதிர் என்று படமாகத்தான் வரைந்தார்கள். ஈரக் களிமண்ணில் வளைந்த கோடு இழுப்பது கஷ்டம், மண் பிசிறும். அதனால் நாணல் குச்சியின் முனையை வெட்டி அழுத்திப் பதிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பதிவும் ஆப்பு மாதிரி விழுந்தது. அதனால்தான் இதற்கு 'ஆப்பெழுத்து' என்று பெயர். கொஞ்சம் கொஞ்சமாகப் படங்கள் ஒலிகளைக் குறிக்க ஆரம்பித்தன. ஒலியை எழுத முடிந்துவிட்டால் பெயரை எழுதலாம், வினையை எழுதலாம், பிறகு எதையும் எழுதலாம். கணக்குக்காகப் பிறந்த குறிகள் ஒரு மொழியையே எழுதும் அளவுக்கு வளர்ந்தது இப்படித்தான்.

சரி, 60 எங்கிருந்து வந்தது?

சுமேரியர்கள் 10-ஐயும் 60-ஐயும் அடிப்படையாக வைத்து எண்ணினார்கள். 60-ல் ஒரு வசதி இருக்கிறது. அதை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என எதனாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். நூறை மூன்றாகப் பிரித்தால் 33.33 என்று இழுத்துக்கொண்டே போகும். 60-ஐப் பிரித்தால் சரியாக 20. தானியத்தையும் கூலியையும் பங்கு பிரிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எடைக் கணக்கும் இப்படியே.. 60 ஷெக்கல் சேர்ந்தால் ஒரு மினா.

இந்தக் கணக்கைப் பின்னால் வந்த பாபிலோனியர்கள் வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். கி.மு. 1800-1600 காலத்தைச் சேர்ந்த ஒரு களிமண் பலகையில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டமும் வரையப்பட்டுள்ளன. அதில் இரண்டின் வர்க்கமூலம் எழுதப்பட்டிருக்கிறது. நமது முறைக்கு மாற்றினால் 1.414213 வருகிறது. ஐந்து தசம இடங்கள் வரை மிகச் சரி! பாபிலோனிய வானியலாளர்கள் கோள்களின் நகர்வை 60-ன் பகுதிகளாக எழுத, அதைக் கிரேக்கர்கள் எடுத்துக்கொள்ள, அங்கிருந்து அரபு உலகம், ஐரோப்பா என்று சுற்றிக் கடைசியில் நம் கைக்கடிகாரத்துக்கு வந்து சேர்ந்தது.

வாய்க்கால் தகராறு.. எழுத்தில் பதிவான முதல் தண்ணீர்ப் போர்

சுமேர் ஒரே நாடாக இருக்கவில்லை. உருக், உர், நிப்பூர், லகாஷ், உம்மா எனத் தனித்தனி நகர அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் தெய்வம், ஒரு ஆட்சியாளர், சொந்த வாய்க்கால்கள். மேலே இருப்பவன் மதகை அடைத்தால் கீழே இருப்பவன் வயல் காயும். பிரச்னை வராமல் இருக்குமா?

லகாஷுக்கும் உம்மாவுக்கும் நடுவே இருந்த வளமான நிலத்துக்காகவும் அதன் தண்ணீருக்காகவும் சண்டை தொடங்கியது. கிஷ் நகர மன்னன் மெசிலிம் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டான். உம்மா ஆட்சியாளர் அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டார். கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னன் இயன்னாட்டம் போரில் வென்றான். வெற்றியின் நினைவாக அவன் நட்ட கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உடைந்த துண்டுகளாக இருக்கிறது. இறந்த வீரர்களின் தலைகளைக் கழுகுகள் கொத்திக்கொண்டு பறக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருப்பதால் 'கழுகுக் கல்' என்றே பெயர்.

ஆனால், போரோடு விஷயம் முடியவில்லை. தோற்ற உம்மா, எல்லை நிலத்தில் பயிரிடப் பார்லியைக் குத்தகையாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. வட்டி ஏறியது. கட்டவே முடியாத அளவுக்குக் கடன் பெருத்தது. அடுத்து வந்த உம்மா ஆட்சியாளர் எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பிவிட, மறுபடியும் போர். தலைமுறை தலைமுறையாக நீடித்த இந்தத் தகராறைக் கி.மு. 2400 வாக்கில் என்மெடெனா என்ற லகாஷ் மன்னன் ஒரு களிமண் கூம்பில் ஆதியோடந்தமாக எழுதிவைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் லகாஷ் தரப்பு வாதம். அதன்படி தப்பெல்லாம் உம்மா மேல்தான். உம்மா தரப்பு ஆவணங்கள் இதே அளவுக்குக் கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கலாம். கடைசியில் ஜெயித்தது யார் தெரியுமா? கி.மு. 2350 வாக்கில் உம்மாவின் லுகல்சகேசி லகாஷைச் சூறையாடினான்.

உர் நகரக் கல்லறைகள் சொன்ன ரகசியம்

1922 முதல் 1934 வரை பிரிட்டிஷ் தொல்லியலாளர் லியோனார்ட் வூல்லி உர் நகரத்தைத் தோண்டினார். சுமார் 1,850 கல்லறைகள். அதில் 16 கல்லறைகளை 'அரச கல்லறைகள்' என்றார். புவாபி என்ற பெண்ணின் கல்லறையில் தங்க இலைகள் கோத்த தலை அலங்காரம் அப்படியே இருந்தது. காளைத் தலை பொருத்திய யாழ், தங்கப் பாத்திரங்கள், நீலக்கல் பதித்த பலகை எனக் கிடைத்தவை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன.

கூடவே ஒரு கொடூரமும் வெளியே வந்தது. ஒரே குழியில் 74 பேரின் எலும்புக்கூடுகள். அதில் 68 பேர் பெண்கள். அலங்கரித்த கோலத்தில் வரிசையாகக் கிடந்தார்கள். எஜமானரோடு சேர்ந்து சாகத் தானாக விரும்பி விஷம் குடித்தார்கள் என்று வூல்லி நினைத்தார். ஆனால், பல ஆண்டுகள் கழித்து இரண்டு மண்டை ஓடுகளை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, கனமான ஆயுதத்தால் தலையில் அடித்துக் கொல்லப்பட்டது தெரியவந்தது.

சிந்துவெளியோடு வியாபாரம்

புவாபியின் கல்லறையில் சூதுபவள மணிகளும் இருந்தன. உர் கல்லறைகளில் கிடைத்த இத்தகைய மணிகளில் சில சிந்துவெளிப் பாணியில் செய்யப்பட்டவை. சுமேரிய, அக்காடிய ஆவணங்கள் தில்முன், மகன், மெலுஹா என மூன்று கடல்வழி நாடுகளைக் குறிப்பிடுகின்றன. தில்முன் என்பது பஹ்ரைன் பகுதி, மகன் என்பது ஓமன் பகுதி. மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மெலுஹா மொழியைப் பெயர்த்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உருளை முத்திரைகூடக் கிடைத்திருக்கிறது. சிந்துவெளி எழுத்தை இன்னும் படிக்க முடியாத நிலையில், அந்த மொழியைப் பேசத் தெரிந்த ஒருவர் மெசபடோமியாவில் உத்தியோகம் பார்த்தார் என்பதே பெரிய செய்தி.

இதே உர் நகரத்தில் கிடைத்த இன்னொரு பலகை இன்று இணையத்தில் மீம் ஆகச் சுற்றுகிறது. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர், இயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய புகார்க் கடிதம். தரமில்லாத செம்பைக் காட்டினாய், என் ஆளை மரியாதையில்லாமல் நடத்தினாய், இனிமேல் நானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பேன் என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்ற பெயரோடு பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

சுமேரிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா?

சமூக வலைதளங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. சுமேரியத்தில் நகரம் என்பதற்கு 'உரு' என்ற சொல் உண்டு. நம்ம 'ஊர்' மாதிரியே இருக்கே என்று தோன்றுவது இயல்பு. இரண்டு மொழிகளும் சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகள் என்பதும் உண்மை.

ஆனால், ஒட்டுநிலை அமைப்பு துருக்கி, ஜப்பானிய மொழிகளிலும் இருக்கிறது. ஒன்றிரண்டு சொற்கள் ஒலியில் ஒத்துப்போவது எந்த இரண்டு மொழிகளுக்கு இடையிலும் நடக்கும். ஒரே குடும்பம் என்று நிறுவ, ஒலிகள் ஒழுங்கான முறையில் மாறி வந்ததை அடிப்படைச் சொற்கள் பலவற்றில் காட்ட வேண்டும். சுமேரியத்துக்கு அப்படி எந்த மொழியோடும் இதுவரை காட்டப்படவில்லை. அதனால்தான் மொழியியலாளர்கள் அதை 'உறவற்ற தனிமொழி' என்கிறார்கள். 'உர்' நகரத்தின் பெயரும் சுமேரியத்தில் 'உரிம்' என்றே இருந்தது.

முதல் பேரரசு.. முதல் எழுத்தாளர்

கி.மு. 2334 வாக்கில் அக்காட் நகரத்திலிருந்து சார்கோன் என்ற மன்னன் எழுந்தான். லுகல்சகேசியைத் தோற்கடித்து, சுமேரிய நகரங்கள் அனைத்தையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தான். சார்கோன் பேசியது அக்காடியம். இது அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமேரியத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் எழுத மட்டும் சுமேரியர்களின் ஆப்பெழுத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

சார்கோனின் மகள் என்ஹெடுவன்னா உர் நகர நிலாக் கடவுள் கோயிலின் தலைமைப் பூசாரி. இனானா தெய்வத்தின் மீதான பாடல்கள் இவர் பெயரில் கிடைக்கின்றன. உலக இலக்கியத்தில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளர் ஒரு பெண் என்று சொல்லப்படுவது இவரை வைத்துத்தான். நம் கைக்கு வந்த பிரதிகள் பல நூறு ஆண்டுகள் பிந்தியவை என்பதால் எல்லாமே அவர் எழுதியதுதானா என்ற விவாதமும் இருக்கிறது. ஆனால், அவர் வாழ்ந்தது உண்மை. அவர் உருவமும் பெயரும் பொறித்த கல்வட்டு உர் அகழாய்வில் கிடைத்துள்ளது.

சுமேரியர்களின் கடைசி ஆட்சி

அக்காடியப் பேரரசு சுமார் 150 ஆண்டுகளுக்கு மேல் நீடித்துச் சரிந்தது. கி.மு. 2112 வாக்கில் உர்-நம்மு என்ற மன்னன் உர் நகரைத் தலைநகராக்கி மீண்டும் சுமேரியப் பெருமையை நிலைநாட்டினான். இன்றும் நிற்கும் 'சிகுராட்' என்ற படிக்கட்டுக் கோபுரம் இவன் தொடங்கியதுதான். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டத் தொகுப்பும் இவன் பெயரில்தான் இருக்கிறது. அதில் ஒருவர் மற்றவரின் உடலைக் காயப்படுத்தினால் பெரும்பாலும் வெள்ளியில் அபராதம். கண்ணுக்குக் கண் என்ற தண்டனை பிறகு வந்த கதை.

இந்த ஆட்சியின் அதிகாரிகள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஒரு செம்மறியாடு செத்தால்கூட ரசீது! இப்படி ஒரு லட்சம் அளவுக்குப் பலகைகள் இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால், மேற்கிலிருந்து அமோரியர்கள் நெருக்கினார்கள். அவர்களைத் தடுக்கச் சுவர் எழுப்பியும் பலனில்லை. தானியத் தட்டுப்பாடு வந்தது. மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கி.மு. 2004 வாக்கில் கிழக்கிலிருந்து வந்த ஏலாமியர்கள் உர் நகரைச் சூறையாடி, மன்னன் இப்பி-சினைச் சிறைபிடித்துப் போனார்கள். சுமேரியர்களின் அரசியல் வரலாறு அதோடு முடிந்தது.

மக்கள் மறைந்தார்கள்.. மொழி மறையவில்லை!

சுமேரியர்கள் ஒரே நாளில் அழிந்துபோனார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அக்காடியம் பேசும் மக்களோடு கலந்தார்கள். வீட்டிலும் தெருவிலும் சுமேரியம் பேசுவது நின்றது. ஆனால், பள்ளியிலும் கோயிலிலும் மேலும் சுமார் 2,000 ஆண்டுகள் அது நீடித்தது. ஐரோப்பாவில் லத்தீன் இருந்தது மாதிரி.

கி.மு. 18-ம் நூற்றாண்டு மாணவர்கள், தங்கள் வீட்டில் யாருமே பேசாத சுமேரியத்தை மனப்பாடம் செய்துதான் எழுத்தர் ஆனார்கள். அப்படி ஒரு மாணவனைப் பற்றிய கதை கிடைத்திருக்கிறது. தாமதமாக வந்ததற்கு அடி, பேசியதற்கு அடி, கையெழுத்து சரியில்லை என்று அடி. பையன் அப்பாவிடம் ஒரு யோசனை சொல்கிறான், வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிடுங்க என்று. அப்பா விருந்து வைத்து, புதுத் துணி போட்டு, மோதிரம் அணிவிக்கிறார். அவ்வளவுதான், வாத்தியார் பையனைப் புகழ்ந்து தள்ளுகிறார்! நம்மிடம் இருக்கும் சுமேரிய இலக்கியத்தில் பெரும்பகுதி, இந்த மாணவர்கள் பயிற்சிக்காகப் பிரதி எடுத்த பலகைகளால்தான் பிழைத்தது.

வாரிசுகள்: பாபிலோன், அசீரியா

சுமேரியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் பாபிலோன் மன்னர் ஹம்முராபி. ஆட்சிக் காலம் கி.மு. 1792-1750. சுமார் இரண்டேகால் மீட்டர் உயரக் கல்லில் அவர் பொறித்த சட்டங்களை இன்றைய ஆய்வாளர்கள் 282 எனப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். 'கண்ணுக்குக் கண்' எல்லோருக்கும் தெரியும். ஆனால், அது சம அந்தஸ்து உள்ளவர்களுக்கு மட்டும். அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அவன் விலையில் பாதியைக் கட்டினால் போதும்.

அதிகம் பேசப்படாத இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. தன் வயல் கரையைச் சரியாகப் பராமரிக்காமல், உடைப்பெடுத்து அடுத்தவர் வயல் மூழ்கினால் அவர் இழந்த தானியத்தை ஈடுகட்ட வேண்டும். இது ஒன்று. வெள்ளத்தாலோ தண்ணீர் இல்லாமலோ பயிர் போய்விட்டால், அந்த ஆண்டு விவசாயி கடனைத் திருப்பித் தர வேண்டாம், வட்டியும் கட்ட வேண்டாம். இது இன்னொன்று.

பாபிலோனுக்கு வடக்கே இருந்த அசீரியர்கள் பிற்காலத்தில் பெரும் ராணுவ வல்லரசு ஆனார்கள். கி.மு. 7-ம் நூற்றாண்டில் அவர்களின் மன்னர் அஷுர்பானிபால், நினிவே நகரில் பழைய நூல்களையெல்லாம் சேகரித்து நூலகம் அமைத்தார். தனக்குச் சுமேரியம் படிக்கத் தெரியும் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கி.மு. 612-ல் எதிரிகள் நினிவேயைக் கொளுத்தினார்கள். காகிதமாக இருந்திருந்தால் சாம்பல் ஆகியிருக்கும். ஆனால், களிமண் பலகைகள் பலவும் தீயில் சுட்ட செங்கல் மாதிரி கெட்டியாகிவிட்டன. எரித்ததே காப்பாற்றியது! சுமார் 30 ஆயிரம் பலகைகளும் துண்டுகளும் அங்கிருந்து கிடைத்துள்ளன.

காலவரிசை ஒரு பார்வையில் (ஆண்டுகள் ஏறத்தாழ)

- கி.மு. 5400: எரிது பகுதியில் குடியேற்றம்
- கி.மு. 3300-3200: உருக்கில் எழுத்து தோற்றம்
- கி.மு. 2450: லகாஷ்-உம்மா போர்
- கி.மு. 2334: சார்கோன், அக்காடியப் பேரரசு
- கி.மு. 2112-2004: உர் நகரின் கடைசிச் சுமேரிய ஆட்சி
- கி.மு. 1792-1750: ஹம்முராபி
- கி.மு. 612: நினிவே வீழ்ச்சி
- கி.மு. 539: பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினார்
- கி.பி. முதல் நூற்றாண்டு: தேதி தெரிந்த கடைசி ஆப்பெழுத்துப் பலகைகள்

மறந்துபோன மக்களைக் கண்டுபிடித்தது எப்படி?

ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசி மனிதர் இறந்த பிறகு, சுமார் 1,700 ஆண்டுகள் அது வெறும் கீறல்தான். 19-ம் நூற்றாண்டில் ஹென்றி ராலின்சன், எட்வர்ட் ஹிங்க்ஸ் உள்ளிட்டோர் ஈரானின் பெஹிஸ்துன் மலையில் மூன்று மொழிகளில் இருந்த கல்வெட்டின் உதவியோடு அக்காடியத்தைப் படித்தார்கள். 1857-ல் லண்டனில் ஒரு பரீட்சையே நடந்தது. ஒரே கல்வெட்டை நான்கு அறிஞர்கள் தனித்தனியாக மொழிபெயர்த்து, சீல் வைத்த கவரில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் நான்கும் பெருமளவு ஒத்துப்போயின.

இங்கதான் ஒரு முடிச்சு. ஆப்பெழுத்துக் குறிகளின் ஒலிக்கும், அவை குறிக்கும் அக்காடியச் சொற்களுக்கும் பல இடங்களில் சம்பந்தமே இல்லை. அப்படியென்றால் இந்த எழுத்தை உருவாக்கியவர்கள் அக்காடியம் பேசியவர்கள் அல்ல, வேறு யாரோ! 1869-ல் ஜூல்ஸ் ஓப்பர்ட் என்ற அறிஞர் அவர்களுக்குச் 'சுமேரியர்' என்று பெயர் சூட்டினார். 1877-ல் பிரெஞ்சுக்காரர்கள் தெல்லோவில் தோண்டத் தொடங்க, லகாஷ் அரசின் கிர்சு நகரம் வெளியே வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தை மண்வெட்டி கண்டுபிடிப்பதற்கு முன்பே இலக்கணம் கண்டுபிடித்துவிட்டது.

வளம் கொடுத்த தண்ணீரே உப்பையும் கொடுத்ததா?

வாய்க்கால் பாசனத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்று நீரில் சிறிதளவு உப்பு இருக்கும். வெயிலில் நீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். வடிகால் சரியில்லாத சமவெளியில் நிலத்தடி நீரும் மேலேறி, அடியில் இருக்கும் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். கோதுமை உப்பைத் தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். தெற்கு மெசபடோமியாவில் காலப்போக்கில் கோதுமை குறைந்து பார்லி மட்டும் மிஞ்சியதைப் பழைய கணக்குப் பலகைகளில் பார்த்த ஆய்வாளர்கள், உப்புதான் சுமேரை வீழ்த்தியது என்று 1958-ல் வாதிட்டார்கள்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஒரு ஆண்டு பயிர், ஒரு ஆண்டு தரிசு என்று விட்டு உப்பைச் சமாளிக்க அன்றைய விவசாயிகளுக்குத் தெரியும் என்கிறது மறுதரப்பு. ஆற்றின் போக்கும் மாறியது. யூப்ரடீஸ் விலகிப் போனதும் உர், உருக் போன்ற நகரங்கள் தண்ணீரின்றிப் பாலைவன மேடுகள் ஆயின.

இன்று நிலைமை என்ன?

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தபோது இராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15 ஆயிரம் பொருட்கள் களவு போயின. உருக்கில் கிடைத்த, சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான வார்கா ஜாடி சில வாரங்களில் துண்டுகளாகக் கார் டிக்கியில் திரும்பி வந்தது. கில்காமேஷ் காவியத்தின் ஒரு பகுதி உள்ள பலகை, அமெரிக்காவில் 2014-ல் 16 லட்சம் டாலருக்கு மேல் விலைபோய், பறிமுதல் செய்யப்பட்டு 2021-ல் இராக்குக்குத் திரும்பியது.

இன்னொரு வழக்கு இன்னும் சுவாரஸ்யம். லண்டனில் ஒரு வியாபாரியிடம் போலீஸ் பறிமுதல் செய்த எட்டுப் பொருட்களில் மூன்று களிமண் கூம்புகள் இருந்தன. ஆவணம் எதுவும் இல்லை. ஆனால், கூம்பிலேயே கோயிலின் பெயர் ஆப்பெழுத்தில் இருந்தது. அதைப் படித்த பிரிட்டிஷ் மியூசியம், அவை கிர்சு நகரக் கோயிலில் இருந்து திருடப்பட்டவை என்று சொல்லிவிட்டது. 2018-ல் அவை இராக்கிடம் ஒப்படைக்கப்பட்டன. எழுதிவைத்தது 4,000 ஆண்டுகள் கழித்துச் சாட்சி சொன்னது!

பொருட்கள் திரும்பி வரலாம். தண்ணீர்தான் கவலை. ஆறுகளின் மேல்பகுதியில் துருக்கி, சிரியா, ஈரானில் கட்டப்பட்ட அணைகளால் இராக்குக்கு வரும் நீர் குறைந்துகொண்டே போகிறது. தெற்கு இராக்கின் சதுப்பு நிலங்களை 1990-களில் சதாம் உசேன் அரசு வடித்து உலரவைத்தது. 2003-க்குப் பிறகு அங்குள்ள மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016-ல் இந்தச் சதுப்பு நிலங்களும் உர், உருக், எரிது நகரங்களும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. ஆனால், 2021-க்குப் பிறகு வந்த கடும் வறட்சியில் எருமைகள் செத்து, குடும்பங்கள் நகரங்களுக்குக் கிளம்பத் தொடங்கின.

அந்தச் சதுப்பு நில மக்கள் நாணலை வளைத்துக் கட்டும் பெரிய வீடுகளுக்கு 'முதீஃப்' என்று பெயர். ஆணி இல்லை, மரம் இல்லை. உருக்கில் கிடைத்த ஒரு கல்தொட்டியில் இதே மாதிரி நாணல் குடில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் வயது சுமார் 5,000 ஆண்டுகள். சுமேரியர்கள் போனார்கள், அக்காடியர்கள் போனார்கள், பாபிலோன் போனது. நாணல் வீடு கட்டும் வேலை மட்டும் தெரிந்த கைகளில் இன்னும் இருக்கிறது. நாணல் வளரத் தண்ணீர் வேண்டும். அது எத்தனை நாள் வரும் என்பதை இப்போது முடிவு செய்வது, ஆற்றின் மேல்பகுதியில் மதகு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.